ஒரே நட்டில் நிற்கும் ரேஸ் கார் சக்கரம்: கழட்டவும் மாட்டவும் தனி கருவிகள்

கடலூர்:

சாதாரண காரில் ஒரு சக்கரத்துக்கு 4 அல்லது 5 நட்டு இருக்கும். ஆனால் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் சக்கரத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். இதற்கு 'சென்டர் லாக்' என்று பெயர்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே 992 பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அந்த போர்ஷே 911 ஜி.டி.3 கப் காரின் சக்கரங்களும் இப்படி ஒற்றை நட்டில் நிற்பவைதான்.

ரோட்டில் ஓட்டுவதற்கான ஜி.டி.3 கார்களிலும் இதே அமைப்பு உண்டு. இந்த கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சின்ன பம்பும்தான் தருகிறார்கள்.

அப்படி ஒரு கார் கடலூர்-சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரம் பக்கம் பஞ்சராகி நின்றால் என்ன ஆகும்? பஞ்சர் கடையில் இருக்கும் வீல் ஸ்பேனர் அந்த நட்டுக்கு பொருந்தாது. "எப்படியாவது கழட்டிடலாம்" என்று சுத்தியலால் தட்டினால் நட்டும் போகும், சக்கரமும் போகும்.

தேர் சக்கரத்தின் கடையாணி

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த ஒற்றைப் பூட்டு புதுசு இல்லை. ஆனியிலும் மார்கழியிலும் நடராஜர் தேர் 4 வீதிகளையும் சுற்றி வருகிறது. பொதுவாக தேர் சக்கரம் அச்சை விட்டு வெளியே வராமல் தடுப்பது அச்சின் முனையில் செருகும் கடையாணிதான். மாட்டு வண்டியிலும் அதே கதைதான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். தேரில் அச்சு நிற்கும், சக்கரம் அதன் மேல் சுற்றும். கடையாணி சக்கரத்தை இறுக்காது, வெளியே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். காரில் சக்கரமும் அது உட்காரும் 'ஹப்'பும் சேர்ந்தே சுற்றும். அந்த இரண்டையும் அசையவிடாமல் நட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் சக்கரம் ஆடும், ஆட ஆட நட்டு கழன்றுவிடும். அதனால்தான் இறுக்கும் கருவி இங்கே உயிர் காக்கும் விஷயம்.

சுத்தியலில் தொடங்கியது

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் கம்பி சக்கரங்களில் இந்த முறையை பிரபலமாக்கியது. அப்போது நட்டில் காது மாதிரி 2 அல்லது 3 நீட்டல்கள் இருக்கும். செம்பு அல்லது ஈய சுத்தியலால் அதை அடித்து இறுக்குவார்கள், அடித்தே கழட்டுவார்கள். ஓடும்போது நட்டு தானாக கழலாமல் இருக்க காரின் இடது, வலது பக்கங்களுக்கு மரை எதிர் எதிராக இருக்கும்.

வெளியே நீட்டிய காதுகள் நடந்து போகிறவர்களை காயப்படுத்தும் என்பதால் 1960-களின் கடைசியில் அமெரிக்கா அதற்கு தடை போட்டது. அதன் பிறகு காது இல்லாத நட்டும், அதற்கு ஏற்ற சாக்கெட்டும் வந்தன.

600 - இதுதான் கணக்கு

சாதாரண சின்ன காரின் நட்டை சுமார் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். 1 மீட்டர் நீள கம்பியின் நுனியில் 10 கிலோ எடையை தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. போர்ஷே 911 ஜி.டி.3 காருக்கோ 600 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதாவது அதே கம்பியின் நுனியில் 61 கிலோ! 5 நட்டுகள் பங்கு போட்டு செய்யும் வேலையை ஒற்றை நட்டு செய்வதால்தான் இவ்வளவு இறுக்கம்.

இதற்கு தேவையான கருவிகள்:

* நட்டுக்கென்றே செய்த சாக்கெட். பல மாடல்களில் நட்டுக்குள் ஸ்பிரிங் பூட்டு இருக்கும். சாக்கெட்டை உள்ளே அழுத்தினால்தான் அது விலகும்.

* கழட்டுவதற்கு நீளமான, கனமான இரும்பு பார்.

* இறுக்குவதற்கு 600 வரை அளவு காட்டும் பெரிய டார்க் ரெஞ்ச். குறித்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும்.

* கம்பெனி சொல்லும் கிரீஸ்.

வேலைக்கு 2 பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கழட்டுவார். மாட்டும்போது ஒரு தடவை 600-க்கு இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி 600-க்கு இறுக்க வேண்டும். கடைசியில் ஸ்பிரிங் பூட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

2 வினாடியும் 43 மணி நேரமும்

பார்முலா 1 பந்தயத்தில் காற்று அழுத்தத்தில் இயங்கும் 'வீல் கன்' வைத்து வேலையை முடிக்கிறார்கள். 2023-ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணி 1.80 வினாடியில் 4 சக்கரத்தையும் மாற்றி சாதனை படைத்தது.

அங்கேயும் தவறு நடக்கிறது. 2018-ல் ஆஸ்திரேலியாவில் 4, 5-வது இடங்களில் ஓடிய ஹாஸ் அணியின் 2 கார்களும் சக்கரம் சரியாக இறுகாததால் அடுத்தடுத்து வெளியேறின. 2021-ல் மொனாக்கோவில் 2-வதாக ஓடிய மெர்சிடிஸ் வீரர் போட்டாசின் காரில் கன் சரியாக உட்காராமல் நட்டின் பற்கள் மழுங்கிவிட்டன. அந்த சக்கரத்தை தொழிற்சாலைக்கு கொண்டு போய் கழட்ட சுமார் 43 மணி நேரம் ஆனது.

நம்ம காருக்கும் பாடம் உண்டு

வீல் கன் வேகமாக சுற்றும், ஆனால் அளவு பார்க்காது. கம்மியாக இறுக்கினால் நட்டு கழலும். ஓவராக இறுக்கினால் போல்ட் நீண்டு, உடையவும் வாய்ப்பு உண்டு. அதனால் சாதாரண கார் வைத்திருப்பவர்களும் டயர் கடையில், நட்டை முதலில் கையால் சுற்றி, எதிர் எதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் போடச் சொல்ல வேண்டும். 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பார்ப்பது நல்லது. சென்டர் லாக்குக்கு கிரீஸ் போடுவதை பார்த்து சாதாரண நட்டுக்கும் எண்ணெய் விடக்கூடாது. அதே அளவில் இறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும்.

டார்க் ரெஞ்சை வைத்து நட்டை கழட்டுவதும் தப்பு. அளவு கெட்டுவிடும். வேலை முடிந்ததும் அளவை குறைந்த எண்ணுக்கு திருப்பி வைக்க வேண்டும்.

சென்டர் லாக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வழிதான். சரியான சாக்கெட்டும் ரெஞ்சும் பக்கத்தில் இல்லை என்றால் நட்டை தொடாமல், காரை அப்படியே லாரியில் ஏற்றி அனுப்புவதே பாதுகாப்பு.