தூரத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்க மறுக்கிறதா?

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆபீசுக்கு எப்படிப் போவது என்று நல்ல வேலையை விட்டுவிட்ட பெண்கள் நம் ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். இப்போது அந்த நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. பேறுகால விடுப்பு 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 வாரமாக உயர்த்தினார்கள் அல்லவா? விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியோடு பேசிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அந்தச் சட்டத் திருத்தம் வழி வைத்தது.

என் மகள் அப்படித்தான் பார்க்கிறாள். கோயமுத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், விடுப்பு முடிந்தும் இங்கிருந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்கிறாள். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கம்ப்யூட்டர் வகுப்புக்கெல்லாம் போனதில்லை. பேரனை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே சொல்கிறேன்.

இது எப்படி நடக்கிறது?

வயலில் இருக்கும் பம்ப்செட்டை வீட்டிலிருந்தே செல்போனில் போட்டு நிறுத்துகிறார்களே, பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஓடுவது அங்கே. கட்டளை போவது இங்கிருந்து. இதுவும் அதே மாதிரிதான். இதற்கு 'ரிமோட் டெஸ்க்டாப்' என்று பெயர். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. கணக்கும் ஃபைலும் ஆபீஸ் மெஷினிலேயே இருக்கும். அதன் திரை மட்டும் படமாக நம் வீட்டுக்கு வருகிறது. நாம் தட்டும் எழுத்து அங்கே போகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் 'ஹோம்', 'ப்ரோ' என்று வகைகள் உண்டு. நம் வீட்டு மெஷின் ஹோமாக இருந்தால் பரவாயில்லை. ஆபீசில் இருப்பது ஹோமாக இருந்தால் இந்த வசதியில் அதற்குள் நுழைய முடியாது.

அந்த 19-ஆம் தேதி

ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கெடு. ஒரு நாள் தாண்டினாலும் தாமதக் கட்டணம் விழும். ஒரு மாதம் 19-ஆம் தேதி சாயங்காலம் பார்த்து ஆபீஸ் மெஷின் திறக்கவே இல்லை.

"அம்மா, கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. இப்படி ரெண்டு தடவை ஆச்சுன்னா, 'நேர்ல வர்றதுன்னா வா, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்'னு சொல்லிடுவாங்க" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டுக் கடன் தவணை போகிறது.

"பதறாதேடி. குழந்தை அழுதா என்ன பண்றோம்? பசியா, ஈரமா, எறும்பு கடிச்சிதான்னு ஒவ்வொண்ணா பாக்கறதில்லையா? அப்படிப் பாரு" என்றேன். கிட்டத்தில் இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பது வரை வரிசையாகப் பார்த்தாள். அந்த வரிசைதான் முக்கியம்.

முதலில் நம் வீடு

ஆபீசைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் வீட்டு இன்டர்நெட் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். அது திறக்கவில்லை என்றால் செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வி.பி.என். வெளியார் புகாதபடி, நம் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போட்ட தனி வழி என்று இதை வைத்துக்கொள்ளலாம். பல ஆபீசுகளில் இதை ஆன் செய்தால்தான் மெஷின் கண்ணில் படும். இன்டர்நெட் ஒரு நிமிடம் விட்டு வந்தால்கூட இது அறுந்து போகும். மறுபடி போட வேண்டும்.

திரையில் வரும் செய்தி

சிவப்பாக, மஞ்சளாக எதாவது வந்தாலே அவசரமாக மூடிவிடுகிறோம். மூடாதீர்கள், படியுங்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை அடையவே முடியவில்லை என்று வந்தால், அந்த மெஷின் அணைந்திருக்கலாம், அதன் நெட் போயிருக்கலாம், அல்லது ரிமோட் அனுமதியை யாராவது எடுத்திருக்கலாம். பெயரோ பாஸ்வேர்டோ தப்பு என்று வந்தால் நிம்மதி: வாசல்வரை போய்விட்டோம், சாவிதான் பொருந்தவில்லை.

சாவி விஷயத்தில் இரண்டு குறிப்பு. பாஸ்வேர்டு இல்லாத மெஷினுக்குள் வழக்கமாக இப்படி நுழைய விடாது. அங்கே நேரில் உட்கார்ந்து திறக்கும்போது போடும் பின் நம்பரும் இங்கே உதவாது. முழு பாஸ்வேர்டுதான் வேண்டும்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று வெளியே தள்ளிவிட்டால், அங்கே யாரோ அந்த மெஷினைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம் இருக்கலாம். சாதாரண ஆபீஸ் மெஷினில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும்.

அங்கே ஒரு கை வேண்டும்

என் மகளுக்கு வந்தது முதல் வகைச் செய்தி. உடனே கூட வேலை பார்க்கும் அக்காவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மாளுக்கு ஆபீசுக்குப் பக்கத்திலேயே வீடு. சாவி வாங்கிப் போய்ப் பார்த்தால், மெஷினில் விளக்கே எரியவில்லை. மத்தியானம் கரண்ட் போய், யு.பி.எஸ். தீர்ந்து, மெஷின் அணைந்திருக்கிறது. கரண்ட் வந்தும் அதைப் போட ஆளில்லை!

பொத்தானை அழுத்தி ஆன் செய்தார்கள். அப்போதும் திறக்கவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஐ.பி. என்று ஓர் எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. அதை ரவுட்டர்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. அக்கா புது எண்ணைப் பார்த்துச் சொல்ல, இவள் அதைப் போட, திரை வந்தது. ராத்திரி எட்டரைக்குக் கணக்கு போய்ச் சேர்ந்தது.

திரும்ப வராமல் இருக்க

மறுநாளே ஆபீசில் சொல்லி நாலு காரியம் செய்து வைத்தாள். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1. மெஷினுக்கு மாறாத எண்ணாக ரவுட்டரில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

2. சும்மா இருந்தால் தூங்கிப்போகும் 'ஸ்லீப்' வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். தூங்குகிற மெஷின் பெரும்பாலும் நம் குரலுக்கு எழுந்திருக்காது.

3. கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும் ஏற்பாடு பல மெஷின்களில் உண்டு. இருந்தால் அதைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

4. வேலை முடிந்ததும் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'டிஸ்கனெக்ட்' கொடுங்கள். இங்கிருந்து அணைத்துவிட்டால், போட அங்கே ஒருவர் போக வேண்டும்.

இதே வழியில் வரும் திருடன்

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. தூரத்திலிருந்து கம்ப்யூட்டரையும் செல்போனையும் இயக்குகிற வசதி, கெட்டவன் கையிலும் இருக்கிறது. "பேங்கிலிருந்து பேசறோம், இந்த ஆப்பைப் போடுங்க, வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்பார்கள். சொன்னால் நம் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது. எந்த பேங்கும் இப்படிக் கேட்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ, அத்தனைக்குப் பணத்தை நிறுத்த வழியுண்டு.

அதே போல, "வி.பி.என். தொந்தரவு, நேராகத் திறந்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆபீஸ் மெஷினை இன்டர்நெட்டில் திறந்து போடுவது, நகைப் பெட்டியைத் திண்ணையில் வைப்பது மாதிரி.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதி அவள் மேஜைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்: ஆபீஸ் மெஷினின் எண், ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் போன் நம்பர், எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். கெடு நாளில் அவள் திரையோடு போராடும்போது, நாம் குழந்தையை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால் அதுவே பாதி உதவி.