ஜேபியில் வாங்கிய பையும் 48 மணி நேரமும்

2025 ஜூலை 1 முதல், விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு மலேசியாவில் 300 ரிங்கிட் அபராதம். அதனால் வாசகர் கடிதங்கள் குவிகின்றன. படித்துப் பார்த்தால், பலரும் நான்கு வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு குழம்புவது தெரிகிறது. விஇபி காருக்கு. எம்டிஏசி எனும் மலேசிய மின்னியல் வருகை அட்டை ஆளுக்கு. சாலைக் கட்டணம், காரை ஓட்டிக்கொண்டு உள்ளே போகும் ஒவ்வொரு முறைக்கும் 20 ரிங்கிட். ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரி, திரும்பி வரும்போது கையில் இருக்கும் பைக்கு. முதல் மூன்றும் ஜொகூர் பக்கத்து விவகாரம். நான்காவது நம் பக்கத்தது. அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. நான் அதிகம் எழுதப்போவதும் அதைத்தான்.

முதலில் விஇபி. வாகனங்களை அடையாளம் காணவும், போக்குவரத்து அபராதம் கட்டாமல் நழுவுவோரைப் பிடிக்கவும்தான் இந்த ஏற்பாடு என்கிறது மலேசியத் தரப்பு. நியாயமான காரணம்தான். ஆனால் 2019 அக்டோபரில் தொடங்கும் என்றார்கள், தள்ளிப்போனது. 2024 அக்டோபர் 1 என்றார்கள், அபராதத்துக்குப் பதிலாக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இப்படித் தேதி நகர்ந்துகொண்டே வந்ததால், இந்த முறையும் நகரும் என்று பலர் சும்மா இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் இம்முறை நம்பித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் விஇபி வில்லை இல்லாத காரை நுழையும்போது திருப்பி அனுப்புவதில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் மலேசியாவை விட்டு வெளியேற முடியும் என்பதே ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை இரவு, பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது பணம் கட்டும் இடத்தைத் தேடி அலைய வேண்டாமே. வில்லைக்குக் கட்டணம் 10 ரிங்கிட், ஐந்தாண்டு செல்லும். கண்ணாடியில் ஒட்டினால் மட்டும் போதாது, இணையத்தில் அதைச் செயல்படுத்தவும் வேண்டும். தபாலில் வந்த வில்லையை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள், கிளம்பும் முன் ஒருமுறை விஇபி இணையத்தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

இனி பை.

ஜொகூர் பாருவிலிருந்து (ஜேபி) வாங்கி வரும் புதிய பொருள்களுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அதில் ஒரு பகுதிக்கு விலக்கு. சிங்கப்பூருக்கு வெளியே இருந்தது 48 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் 100 சிங்கப்பூர் வெள்ளி வரை, 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 வெள்ளி வரை. சுங்கத்துறை இதைப் பயணிகளுக்கான சலுகை என்கிறது. 2019 பிப்ரவரி வரை இந்தத் தொகைகள் 150, 600 ஆக இருந்தன, அப்போது ஜிஎஸ்டி 7 விழுக்காடு. தொகை இறங்கியது, வரி ஏறியது. சலுகை என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

ஆனாலும் அந்த 48 மணி நேரத்தை யோசித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். நீங்கள் ஊர் பார்க்கப் போனீர்களா, கடைக்குத்தான் போனீர்களா என்று எந்த அதிகாரியும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் பொய் சொல்ல வேண்டியதுமில்லை. வெளியேறிய நேரமும் திரும்பிய நேரமும் சோதனைச்சாவடியில் பதிவாகிவிடுகின்றன. 48 மணி நேரம் தங்கியவர் பயணி. காலையில் போய் மாலையில் வந்தவர் சந்தைக்குப் போனவர். கடிகாரமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர்க் குடும்பத்துப் பெண் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்கிறார். ஜாலான் உங்கு புவான் கடைகளில் சேலை, பாத்திரம், பலசரக்கு என்று 320 வெள்ளிக்கு வாங்குகிறார். ஞாயிறு மாலை 6 மணிக்குத் திரும்பினால் 47 மணி நேரம். 100 வெள்ளி போக மிச்சம் 220, வரி 19 வெள்ளி 80 காசு. ஏழு மணிக்குப் பிறகு திரும்பினால் ஒரு காசும் இல்லை. நேரத்தைக் கொஞ்சம் கவனித்தால் இருபது வெள்ளி மிச்சம். பலசரக்குக்காகவே போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது இனிமேல் சொல்லப்போவது. இந்த விலக்கு எல்லாருக்கும் கிடையாது. சிங்கப்பூர் அரசு வழங்கிய வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மண்ட் பாஸ், மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால அட்டை ஆகியவற்றில் ஒன்றை வைத்திருப்பவருக்கு விலக்கே இல்லை. 48 மணி நேரம் அல்ல, 480 மணி நேரம் வெளியில் இருந்தாலும் முதல் வெள்ளியிலிருந்தே வரி. அதே 320 வெள்ளிப் பைக்கு அவர் 28 வெள்ளி 80 காசு கட்ட வேண்டும், எந்த மணிக்குத் திரும்பினாலும்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லலாம் என்ற ஏற்பாடு 2023 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாடு வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமையில் ஜேபி போய்வருவது இங்கே வேலை செய்யும் இந்திய ஊழியர்களுக்கும் எளிதாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாம் என்று பிள்ளைக்கு உடுப்பு, மனைவிக்குச் சேலை, சோப்பு, தைலம் என்று ஒருவர் 90 வெள்ளிக்கு வாங்கி வருகிறார் என்று வையுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் நிரந்தரவாசி அதே 90 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் சுங்கச் சோதனையின் பச்சை வழியில் நேராக நடந்துபோகலாம். ஊழியர் சிவப்பு வழிக்குப் போய் 8 வெள்ளி 10 காசு கட்ட வேண்டும்.

எட்டு வெள்ளிதானே என்று கேட்கலாம். தொகை சிறிதுதான். சொல்லாமல் வந்தால் வரும் விளைவு சிறிதல்ல. வரி ஏய்ப்பு என்று வழக்குப் போனால், ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம்தருகிறது, சிறையும் விதிக்கலாம். ஒரு குடிமகனுக்கு அது தலைவலி. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர், ‘என் வேலை என்ன ஆகும்’ என்றுதான் முதலில் பதறுவார். அதிகம் இழக்கக்கூடியவருக்குத்தான் விலக்கு இல்லை.

இங்கேயே வசிப்பவர் பயணி அல்ல என்பது காரணம் என்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இங்கேதானே வசிக்கிறார்கள்? சரி, வெளிநாட்டவர் என்பதால் என்றால், இங்கே கடையில் வாங்கிய பொருளுக்குச் சுற்றுப்பயணிகள் விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுகிறார்களே, அந்தத் திட்டத்திலும் இங்கே வேலை பார்ப்பவருக்கு இடமில்லை. ஒரு கதவில் வெளியூர்க்காரர், இன்னொரு கதவில் உள்ளூர்க்காரர். 2019இல் தொகையைக் குறைத்தபோது வெளிநாட்டுப் பயணம் பெருகிவருவதைக் காரணமாகச் சொன்னார்கள். தொகைக்கு அது பொருந்தும், இந்தப் பாகுபாட்டுக்குப் பொருந்தாது. குறைந்தது அந்த 100 வெள்ளியையாவது அவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விதி மாறும் வரை வழி இதுதான். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால் அதிகாரி மதிப்பிடும் விலைதான் விலை. சுங்கத்துறையின் கஸ்டம்ஸ்@எஸ்ஜி இணையச் செயலியில் முன்கூட்டியே பொருளை அறிவித்து வரி கட்டிவிடலாம். பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கும், அங்கேயே சாப்பிட்டு முடித்ததற்கும் வரி இல்லை.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

நிரந்தரவாசிக்கு எம்டிஏசி வேண்டுமா? வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விலக்கு உண்டு, சிங்கப்பூர் நிரந்தரவாசத்துக்கு இல்லை. வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள், அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பெட்ரோல்? சிங்கப்பூர்க் கார் கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும். 1991 முதல் இதே விதிதான். குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம், காரையும் திருப்பி அனுப்புவார்கள். மலேசியாவில் ரான்95 வகைப் பெட்ரோலை நிரப்பக்கூடாது.

மது? மலேசியாவிலிருந்து வந்தால் தீர்வையற்ற அளவு பூஜ்யம், எத்தனை நாள் தங்கினாலும்.

சிகரெட்? ஒன்றுக்கும் விலக்கில்லை. மின்சிகரெட்டும் சுயிங்கமும் கொண்டுவரவே கூடாது.

ரொக்கம்? 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் சிங்கப்பூரில் அறிவிக்க வேண்டும்.

கடப்பிதழ்? ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஒருநாள் ஜேபி கூட்டிப்போகலாமா? போகலாம். ஆனால் அவர்களுடைய சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறைக்கானதா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை என்றால் திரும்ப முடியாது. பலமுறை என்றாலும் எஸ்ஜி வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும்.

உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில்? 2026 இறுதியில் என்கிறார்கள். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும் என்பது நல்ல செய்திதான்.

ஊழியர் தங்கும் விடுதிகளை நடத்துவோரிடமும் நிறுவன மேலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு ஜிஎஸ்டி விலக்கு இல்லை, வாங்கியதைச் சொல்லி வரி கட்டிவிடுங்கள் என்று தமிழிலும் வங்காள மொழியிலும் ஒரு தாளில் எழுதி, வெளியே போகும் வாசலருகே ஒட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது.