பச்சை குத்தியிருந்தால் போதுமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாதாரண வழிப்பறிக்கு அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதையே தெருக் கும்பலுக்காகச் செய்ததாக அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால் மேலும் 10 ஆண்டுகள் சேரும். குற்றத்துக்கான தண்டனையைவிட அதன் மேல் ஏறும் தண்டனை இரண்டு மடங்கு! அதனால்தான் அங்கே பல வழக்குகளில் யார் செய்தார் என்பதைவிட என்ன நோக்கத்தில் செய்தார் என்பதே பெரிய சண்டையாகிறது.

1988-ல் வந்த சட்டத்தின்படி, கும்பலில் இருப்பது மட்டுமே குற்றமாகாது. கூடுதல் தண்டனை கேட்கும் அரசுத் தரப்பு இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். குற்றம் கும்பலின் நன்மைக்காகவோ, கும்பல் சொல்லியோ, கும்பலோடு சேர்ந்தோ நடந்திருக்க வேண்டும். கும்பல்காரர்களின் குற்றச் செயலுக்குத் துணைபோகும் குறிப்பான உள்நோக்கமும் குற்றம் செய்தவருக்கு இருந்திருக்க வேண்டும்.

மனத்தில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? கூட யார் இருந்தார்கள், கும்பலின் பெயரைச் சொன்னாரா, தாக்கப்பட்டவர் எதிர்க் கும்பலைச் சேர்ந்தவரா என்று சூழ்நிலையிலிருந்துதான் ஊகிக்க முடியும். இந்த இடைவெளியை நிரப்ப, கும்பல்களைப் பற்றி நன்கு அறிந்த போலீஸ் அதிகாரி நிபுணராகக் கூண்டேறுவார். ‘இப்படிப்பட்ட குற்றம் மக்களிடம் பயத்தை வளர்க்கும், கும்பலின் பெயர் ஓங்கும்’ என்பார். இந்த வாதத்தைக் கொண்டு எந்தக் குற்றத்தையும் கும்பல் கணக்கில் எழுதிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

2006-ல் ஒரு மேல்முறையீட்டு வழக்கு. சைக்கிளில் தனியாகப் போன சிறுவனிடம் கத்தியும் கும்பல் அடையாளமான சிவப்புக் கைக்குட்டையும் இருந்தன. எதிர்க் கும்பலுக்குப் பயந்து கத்தி வைத்திருப்பதாக அவன் சொன்னான். அது கும்பலின் நன்மைக்கே என்றார் போலீஸ் நிபுணர். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவன் கும்பலின் பகுதியில் இல்லை, கூட ஆளில்லை, கும்பல் குற்றத்துக்குக் கத்தியைப் பயன்படுத்தப் போகிறான் என்பதற்கும் சான்றில்லை. நிபுணரின் கருத்து மட்டும் உள்நோக்கத்துக்குச் சான்றாகாது என்பது என் பார்வையில் மிகச் சரியான தீர்ப்பு.

கூட்டாளிகள் இருந்தால் நிலைமை வேறு. கும்பல்காரர்கள் என்று தெரிந்தே அவர்களோடு சேர்ந்து குற்றம் செய்தவருக்கு அந்த உள்நோக்கம் இருந்ததாக ஜூரி முடிவுக்கு வரலாம் என்று 2010-ல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. தனியாளாகச் சுட்டவரின் வழக்கில் அதே நீதிமன்றம் 2022-ல் கறாராக இருந்தது. கும்பலின் பெயர் ஓங்கும் என்ற பொதுப்பேச்சு போதாது, கும்பலின் மற்ற ஆட்கள் செய்யும் குற்றங்களுக்கு உதவுவதே அவர் நோக்கம் என்று காட்ட வேண்டும் என்றது.

சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இந்தக் கூடுதல் தண்டனையோடு சிறைக்குப் போனவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர் அல்லாதவர்கள் என்று அந்தத் திருத்தமே பதிவு செய்திருக்கிறது. 2022 ஜனவரி முதல், வெறும் பெயருக்கு மேற்பட்ட நன்மையைக் காட்ட வேண்டும்: பணம், பழிவாங்கல், சாட்சியை மிரட்டுதல் போல. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால், முதலில் குற்றத்தை மட்டும் விசாரித்து முடித்த பிறகே கும்பல் குற்றச்சாட்டை எடுக்க முடியும். கும்பல் அடையாளத்தைப் பச்சை குத்திய படங்களை முதல் நாளே பார்த்துவிட்ட ஜூரி, குற்றத்தையே வேறு கண்ணால் பார்க்கும் அல்லவா?

திருத்தம் வந்தபோது மேல்முறையீட்டில் இருந்த வழக்குகளுக்கும் நன்மையைப் பற்றிய புதிய விதி பொருந்தும்; விசாரணையைப் பிரிக்கும் விதி பொருந்தாது. அதற்கு முன்பே தீர்ப்பு இறுதியாகிவிட்டவர்களுக்கு இந்தப் பலன் தானாகக் கிடைக்காது.