முதல் குடித்தனத்திற்குப் பாத்திரம் வாங்கும்போது

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் சூனேம் ஊராளாகிய ஒரு பெண்மணியைக் காண்கிறோம். அவள் வசதி படைத்தவள். ஆனாலும் எலிசா தீர்க்கதரிசி வந்து தங்குவதற்கென்று ஒரு சிறிய மேலறையை ஆயத்தப்படுத்தியபோது, அதற்குள் அவள் வைக்க விரும்பியவை நான்கே பொருட்கள்: ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. தங்கப்போகிறவருக்கு எது தேவை என்பதையே அவள் யோசித்தாள். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் வேறொரு வீடும் உண்டு. அங்கே கடன் கொடுத்தவன் பிள்ளைகளைக் கொண்டுபோக வந்து நிற்கிறான். வீட்டில் கொஞ்சம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை. பாத்திரங்களையும் அந்த விதவை அயலாரிடத்தில் இரவலாகவே வாங்குகிறாள்.

நம் ஜனங்கள் மும்பைப் பட்டணத்தில் முதல் குடித்தனம் தொடங்கும்போது இவ்விரண்டு வீடுகளுக்கும் நடுவிலேதான் நிற்கிறார்கள். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ விவாகம் முடிந்து, மூன்றாவது வாரத்தில் ரயிலேறித் தாராவிக்கோ ஆண்டாப் ஹில்லுக்கோ வந்து சேருகிற இளம் தம்பதியரின் கையில் மொய்ப்பணத்தில் மிஞ்சியது சிறிதளவே இருக்கும். வீட்டுக்கு முன்பணம் கொடுத்தபின் அதுவும் குறைந்துவிடும். அந்நேரத்தில் கடைக்காரர் தவணை அட்டையை நீட்டுகிறார். விவாகமான முதல் ஆண்டிலேயே கணவனும் மனைவியும் குளிர்சாதனப் பெட்டியின் தவணையைக் குறித்து வாக்குவாதம் செய்கிற வீடுகள் நம் சபைகளிலும் உண்டு என்பதைப் போதகர்மார் அறிவார்கள்.

ஆகவே முதலாவது வீட்டைப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம். மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்திற்கே எழுதப்படுகிறது. பத்தடிக்குப் பத்தடி அறையில் சமையல், படுக்கை, ஜெபம் எல்லாம் நடக்கவேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு மாடிக்கு எல்லாவற்றையும் சுமந்து ஏறவேண்டியதாகவும் இருக்கலாம். ஊரில் பெரிய அடுக்களைக்கு ஏற்றதாயிருந்த அண்டாவும் குத்துப்போணியும் இங்கே இடத்தை அடைத்துக்கொள்ளும். கட்டடத்தில் குழாய் எரிவாயு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கென்று செய்யப்பட்ட அடுப்பைக் குழாய் எரிவாயுவுக்கு அப்படியே பயன்படுத்தலாகாது. அதன் ஜெட்டை மாற்றவேண்டும். இண்டக்ஷன் அடுப்பு வாங்க எண்ணுகிறவர்கள் சுவரிலுள்ள பிளக்கைப் பார்க்கட்டும். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

வந்து இறங்கியவுடன் முகவரிச் சான்று இல்லாதபடியால் எரிவாயு இணைப்புக் கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் உதவியாயிருக்கும். முகவரிச் சான்று இன்றி, அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கக்கூடிய இந்தச் சிலிண்டருக்கு இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் ‘சோட்டு’ என்று பெயரிட்டது. மானிய விலை இதற்கு இல்லை. நிரந்தர இணைப்புக் கிடைக்கும்வரை மாத்திரம் இதை வைத்துக்கொள்வது நலம்.

குக்கர்

இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம் என்று துணிந்து சொல்லுவேன். இருவருக்கு 3 லிட்டர் குக்கர் போதும். பிள்ளைகள் பிறந்தபின்பு, அல்லது ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும்போது, 5 லிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே பெரிதாக வாங்கி, இருவருக்கான அரைக் கப் பருப்பை அதில் வேகவைத்தால் எரிவாயுதான் வீணாகும். எந்த அளவானாலும் காய்கறிகளை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், அரிசியையும் பொங்கி நுரைக்கும் பருப்பு வகைகளையும் பாதிக்கு மேலும் நிரப்பக்கூடாது. நுரை ஆவிக்குழாயை அடைத்துக்கொள்வதே அநேக விபத்துகளுக்குக் காரணம்.

மூடியில் இரண்டு வகை உண்டு. உள்ளே நுழைந்து பொருந்தும் மூடி ஹாக்கின்ஸ் குக்கரில் காண்பது; உள்ளிருக்கும் அழுத்தமே மூடியை விளிம்போடு சேர்த்து இறுக்கிவிடுவதால் அழுத்தம் இறங்குமுன் அதைத் திறக்க இயலாது. வெளியே பூட்டும் மூடியில், பிரெஸ்டீஜில் பெரும்பாலும் காண்பதுபோல, வாய் அகலமாயிருக்கும். அடுக்குப் பாத்திரங்களை வைத்து எடுக்க எளிது. ஒரே நேரத்தில் கீழே பருப்பும் மேலே சாதமும் வைக்கும் நம் வழக்கத்திற்கு இரண்டாவதே வசதியானது. காலைச் சபைக்குப் புறப்படும் அவசரத்தில் ஆவி அடங்குமுன் மூடியை இழுத்துப் பார்க்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு முதலாவதைச் சொல்லுவேன்.

வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குக்கருக்கான தரக்குறியீடு ஐ.எஸ். 2347. முத்திரையின் மேல் அந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். அந்த உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால் அது உண்மையான உரிமமா, யாருடையது என்று தெரிந்துவிடும். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் குக்கரில் முத்திரை அழகாகவே அச்சிடப்பட்டிருக்கும். எண்ணைத் தேடினால்தான் குட்டு வெளிப்படும். கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் மாற்றும்போது அதே நிறுவனத்தின் அசல் பாகத்தையே கேளுங்கள்.

எவர்சில்வரும் அலுமினியமும்

பாத்திரக்கடையில் எவர்சில்வரை எடை போட்டே விற்கிறார்கள். ஆகையால் கனமான பாத்திரம் விலை கூடுதலாகும். மெல்லியதை வாங்கிவிட்டு மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்கிறோம். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடப் பத்து மடங்கிற்கும் மேலாகப் பின்தங்கியது. எனவே மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் சுடர் படும் இடம் மாத்திரம் கொதித்து அடிபிடிக்கும். பாலும் பாயசமும் கருகும். தட்டு, தம்ளர், கிண்ணம், டப்பா ஆகியவை மெல்லியதாயிருந்தாலும் பாதகமில்லை. அடுப்பில் ஏறுகிற பாத்திரம் மட்டும், அலுமினியத் தகட்டை நடுவில் வைத்த கனமான அடிப்பாகம் உள்ளதாயிருக்கட்டும்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்துத் தரம் சொல்லுகிற பழக்கம் நம்மவரிடத்தில் இருக்கிறது. ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பார்கள். இது பாதி உண்மையே. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் விலை குறைந்த 200 வரிசை ரகங்களிலும் ஒட்டாது. பின்னது உப்பும் புளியும் நெடுநேரம் நின்றால் புள்ளி புள்ளியாய்த் துருப்பிடிக்கும். ஆகவே ஊறுகாய், புளிக்குழம்பு, மீன்குழம்பு வைக்கும் பாத்திரத்திற்கு ரகத்தின் எண் பொறிக்கப்பட்டதாகவோ, பில்லில் எழுதிக் கொடுக்கப்பட்டதாகவோ வாங்குங்கள். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கோ அடியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். அவர்கள் காந்தத்தைக் கொண்டுபோவது நியாயம்.

அலுமினியத்தை முற்றிலும் தள்ளவேண்டியதில்லை. இட்லிப் பானைக்கும் வெந்நீருக்கும் அது இலகுவானது, விலையும் குறைவு. தக்காளி, புளி, எலுமிச்சை சேர்ந்தவற்றை அதில் சமைத்து இரவு முழுவதும் வைக்காதிருந்தால் போதும். ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய பித்தளைப் பாத்திரம் இருந்தால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு தேய்ந்த பித்தளையில் புளிப்பான எதையும் சமைக்கலாகாது. இந்நாட்களில் ஈயம் பூசுகிறவரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பிரயாசமே.

ரயிலில் ஊரிலிருந்து ஒரே ஒரு பாத்திரம் கொண்டுவரலாம் என்றால் நான் இரும்புத் தோசைக்கல்லைச் சொல்லுவேன். அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தால் தேய்த்துச் சில நாட்கள் பழக்கினால் பிள்ளைகள் காலம்வரை உழைக்கும். மும்பை மழைக்காலத்தில் கழுவியவுடன் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே செந்துரு தெரியும், அவ்வளவுதான். நான்ஸ்டிக் தவா முதல் மாதத்தில் நன்றாயிருக்கும். அதன் பூச்சு 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்குவதால் வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டு ஜெபிக்கப் போகக்கூடாது, மரக்கரண்டி வேண்டும், பூச்சு உரிந்தால் மாற்றவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் செலவு என்று எண்ணி வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

எங்கே வாங்குவது? பாய்துனி பகுதியிலுள்ள தாம்பா காண்டா பழைய பாத்திரச் சந்தை; சிறிய கடைகளைவிட அங்கே தெரிவு அதிகம். மின்சாதனங்களுக்கு லோஹார் சால். தண்ணீர்ப் பானைக்குத் தாராவிக் கும்பார்வாடா. பழைய புடவைகளுக்குப் பாத்திரம் மாற்றித் தரும் பெண்கள் வாசலுக்கே வருவார்கள். அந்தப் பாத்திரங்கள் மிக மெல்லியவை, ஆனால் பருப்பு, பயறு போட்டுவைக்க ஆகும். பாஷை தெரியாத புதுப்பெண்ணுக்குச் சில சொற்கள்: சமைக்கும் பாத்திரம் இங்கே ‘டோப்’, இடுக்கி ‘பக்கட்’, குக்கரின் விசில் ‘சீட்டி’. சமையல் பாத்திரங்களுக்கான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் கவனியுங்கள்.

வட்டியில்லாத் தவணை

இதைத்தான் முக்கியமாய் எழுத விரும்பினேன். குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் தவணை விலை 18,000 ரூபாய். மாதம் 1,500 வீதம் 12 மாதம். வட்டியே இல்லை என்கிறார்கள். ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள். 16,800 என்று சொல்லுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு தவணைக்கு முன்கூட்டியே 500 ரூபாய் கட்டணம். ஆக 1,700 ரூபாய் அதிகம். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே போவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 18 சதவீதத்திற்கும் மேற்பட்ட வட்டியாகிறது! பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லையென்றும், வட்டி கட்டணமாக மறைக்கப்படுகிறதென்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவித்தது. ஒரு தவணை தவறினால் வங்கிக்கணக்கில் பணம் இல்லை என்பதற்கு ஓர் அபராதம், தாமதத்திற்கு இன்னொன்று.

இருவர் மட்டும் உள்ள வீட்டில் முதல் ஆறு மாதங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சமாளிக்கலாம். மாதம் 1,500 ரூபாயைத் தவணைக்குப் பதிலாகத் தபால் நிலையக் கணக்கில் போட்டுவந்தால், அடுத்த ஆண்டு ரொக்க விலைக்கு வாங்கலாம். வாங்கும்போது நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மாத்திரம் பார்க்காமல், அதே லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவு யூனிட்டையும், லேபிள் எந்த ஆண்டுக்கானது என்பதையும் பாருங்கள். ஆண்டுக்கு 100 யூனிட் வித்தியாசமென்றால் யூனிட் 8 ரூபாய் வீதம் 800 ரூபாய். விலையில் 6,000 அதிகம் கேட்டால் அதை மீட்க ஏழரை ஆண்டு ஆகும். கிரைண்டரும் அவசரமில்லை. 750 வாட் மிக்ஸியில் குளிர்ந்த நீர் விட்டுச் சிறிது சிறிதாக அரைத்தால் இட்லி மாவும் ஆகும். தமிழர் வாழும் தெருக்களில் மாவும் விலைக்குக் கிடைக்கும்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. புதுமணத் தம்பதிகளுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரமும் ஹாட்பேக்கும் கொடுக்கிறோம். ஐக்கியத்தில் பத்துப்பேர் சேர்ந்து நல்ல குக்கர் ஒன்றும் கனமான பாத்திரம் இரண்டும் வாங்கிக் கொடுத்தால் எவ்வளவு பிரயோஜனம்! வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கவேண்டுமே என்று இருபது தம்ளரும் பெரிய டபராவும் வாங்குகிறார்கள். அவற்றைச் சபையிலேயே பொதுவாய் வைத்திருந்து, கூட்டம் நடக்கும் வீட்டுக்குக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அன்பின் விருந்துக்கான அண்டா ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறது.

வாங்கியவற்றின் பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மையும் காகிதமும் மும்பை ஈரத்தில் ஓராண்டுக்குள் மங்கிவிடுகின்றன. எரிவாயுக் குழாயை மாற்றவேண்டிய ஆண்டு அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான பொருளைக் கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் முறையிடலாம்.