மனசாட்சியின் கதை – 7: வெரின் வீட்டு வழக்கு

போன வாரம் பார்த்த காஸ்டெல்லியோவின் கையில் பேனா மட்டும்தான் இருந்தது. 1553இல் மதக் கருத்துக்காகச் செர்வெட்டஸை ஜெனீவா உயிரோடு எரித்ததைக் கண்டித்து எழுதினார். ஆனால் நடத்திக் காட்ட அவருக்கென்று ஓர் ஊர் இல்லை. எழுத்தில் சுதந்திரம் கேட்பது ஒன்று, ஊரை நிர்வகித்துக்கொண்டே அதைக் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்து பார்த்தவர் ரோஜர் வில்லியம்ஸ்.

லண்டன் தையற்காரரின் மகன். கேம்பிரிட்ஜில் படித்த போதகர். 1631இல் பாஸ்டனில் வந்து இறங்கினார். இங்கிலாந்துத் திருச்சபையின் நெருக்கடி தாங்காமல் கடல் கடந்து வந்த பியூரிட்டன்களின் ஊர் அது. அவர்கள் தேடிய சுதந்திரம் தங்கள் ஆராதனைக்கு மட்டுமானது. சபை உறுப்பினராக இருந்தால்தான் வாக்குரிமை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராவிட்டால் தண்டனை.

வில்லியம்ஸை இளகிய மனசுக்காரர், எல்லா மதமும் ஒன்று என்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். பியூரிட்டன்களே அசந்துபோகும் அளவுக்குக் கெடுபிடியானவர். வந்த உடனே பாஸ்டன் சபை அவருக்கு ஊழியப் பொறுப்பு தர முன்வந்தது. ‘நீங்கள் இன்னும் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து முழுதாகப் பிரியவில்லை’ என்று மறுத்துவிட்டார். மறுபிறப்பு அடையாத ஒருவனை நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்யச் சொல்வதுகூட அவருக்குத் தவறாகப் பட்டது. சத்தியமும் ஓர் ஆராதனை, விசுவாசம் இல்லாதவனை ஆராதிக்கச் சொல்வது கடவுளை அவமதிப்பது என்பது அவர் கணக்கு. அவருடைய சுதந்திர வாதம் பிறந்த இடமே இதுதான். சந்தேகத்திலிருந்து அல்ல, பக்தி முற்றியதிலிருந்து. பத்துக் கட்டளைகளில் முதல் கற்பலகை கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலானது, அரசாங்கத்துக்கு அங்கே வேலை இல்லை. கொலை, களவு, பொய்ச்சாட்சி என்று அடுத்த பலகையில் வருவதை மட்டும் அது பார்த்துக்கொள்ளட்டும் என்றார். போதாததற்கு, இந்த மண் பூர்வகுடிகளுடையது, இங்கிலாந்து அரசர் எழுதிக் கொடுத்த பட்டயத்தால் அது நமக்குச் சொந்தமாகாது என்றும் பேசினார். 1635 அக்டோபரில் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது.

கைதுசெய்து கப்பலேற்ற ஆள் வருவதற்குள், 1636 ஜனவரிப் பனியில் காட்டுக்குள் புகுந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவரைக் காப்பாற்றியவர்கள் பூர்வகுடிகள். நாரகன்செட் தலைவர்கள் கனோனிக்கஸும் மியாண்டனோமியும் கொடுத்த நிலத்தில் ஓர் ஊர் உண்டானது. அதற்கு ‘தெய்வ பராமரிப்பு’ என்ற பொருளில் பிராவிடன்ஸ் என்று பெயர் வைத்தார். ஊரின் பெரும்பான்மை முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும், ஆனால் பொது நிர்வாகக் காரியங்களில் மட்டும் என்பது குடியேறியவர்களின் ஒப்பந்தம்.

அந்த ‘மட்டும்’ இரண்டே வருடத்தில் சோதனைக்கு வந்தது. ஜோஷுவா வெரின், வில்லியம்ஸின் பக்கத்து வீட்டுக்காரர். வில்லியம்ஸின் வீட்டில் நடந்த ஆராதனைக் கூட்டங்களுக்கு வெரினின் மனைவி ஜேன் விடாமல் வந்தார். கணவருக்குப் பிடிக்கவில்லை. தடுத்தார், அடித்தார். விஷயம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. வில்லியம் ஆர்னால்ட் என்பவர் வெரின் பக்கம் பேசினார்: மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது தேவ கட்டளை, அதை மீறுவதற்கா நாம் மனசாட்சிச் சுதந்திரத்துக்குச் சம்மதித்தோம்? கேள்வியின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஜேனைத் தடுப்பதே வெரினின் மனசாட்சியாம்! இன்றைக்கும் பல நாடுகளில் பல மேடைகளில் கேட்கிற வாதம். 1638 மே மாதம் ஊர் முடிவெடுத்தது: மனசாட்சிச் சுதந்திரத்தைத் தடுத்த குற்றத்துக்காக, மனம் மாறும்வரை வெரினுக்கு வாக்குரிமை இல்லை.

அடித்ததற்காக அல்ல என்பது நம்மை உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். அந்தத் தீர்ப்பால் ஜேனுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. வெரின் கோபித்துக்கொண்டு, பாஸ்டன் பக்கத்தில் தான் முன்பிருந்த சேலம் ஊருக்கே திரும்பினார், ஜேனும் கூடப் போக வேண்டியதாயிற்று. ஆனாலும் ஒரு பெண்ணின் மனசாட்சி அவளுடையது, கணவனின் சொத்தில் சேராது என்று 17ஆம் நூற்றாண்டில் ஓர் ஊர் பதிவேட்டில் எழுதி வைத்தது சின்ன விஷயம் இல்லை.

குடியேற்றத்துக்கு அங்கீகாரம் வாங்க லண்டன் போன இடத்தில் வில்லியம்ஸ் 1644இல் தன் பெரிய புத்தகத்தை அச்சிட்டார். அதன் நடு நரம்பு மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் களைகள் உவமை. அறுவடைவரை களைகளையும் வளர விடுங்கள் என்கிறார் எஜமான். அந்தக் களைகள் சபைக்குள் இருக்கும் மாய்மாலக்காரர்கள் என்பது பாஸ்டன் போதகர் ஜான் காட்டனின் விளக்கம். அப்படியானால் வெளியே இருப்பவர்களைத் தண்டிக்கத் தடையில்லை. நிலம் என்பது உலகம் என்று இயேசுவே விளக்கம் சொல்லியிருக்கிறாரே, பிறகென்ன என்றார் வில்லியம்ஸ். ஆகவே யூதர், துருக்கியர், கத்தோலிக்கர், எந்த மதமும் இல்லாதவர் எல்லோரும் வாளுக்குப் பயப்படாமல் வாழ இடமுண்டு. அந்தப் புத்தகத்தை எரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டபோது அவர் ஊர் திரும்பும் வழியில் இருந்தார்.

உண்மையான பரீட்சை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். வில்லியம்ஸுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. வேதத்தைவிட உள்ளொளியைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று கொதித்தார். 1657இல் அண்டைக் குடியேற்றங்கள் கூடி, அவர்களைத் துரத்துங்கள் என்று பிராவிடன்ஸும் அடங்கிய ரோட் தீவுக் குடியேற்றத்துக்கு எழுதின. பேசுகிறவர்களைத் தண்டிக்க எங்களிடம் சட்டம் இல்லை என்று பதில் போனது. பாஸ்டனில் சட்டம் இருந்தது: 1659க்கும் 1661க்கும் இடையில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மேரி டயர் ரோட் தீவில் குடியிருந்தவர்.

1672இல், ஏறக்குறைய எழுபது வயதில், குவேக்கர்களுடன் வாதாட வில்லியம்ஸ் தானே துடுப்புப் போட்டு நியூபோர்ட்டுக்குப் போனார். அப்போது ரோட் தீவின் ஆளுநரே ஒரு குவேக்கர். மூன்று நாள் அங்கே, ஒரு நாள் பிராவிடன்ஸில். யாரும் யாரையும் மாற்றவில்லை. வசை நிரம்பிய ஒரு தடித்த புத்தகம்தான் மிச்சம். ஆனாலும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லை.

இங்கே நிறுத்தினால் அவருக்குச் சிலை வைத்த மாதிரி ஆகிவிடும். பூர்வகுடிகளோடு மூண்ட போரில் 1676இல் பிராவிடன்ஸ் எரிந்தது, அவர் வீடும் எரிந்தது. பிறகு, பிடிபட்ட பூர்வகுடிகளை அடிமைகளாக விற்றுக் காசைப் பங்கிட ஊர் அமைத்த குழுவில் அவரும் இருந்தார். நாற்பது வருடம் முன்பு பனியில் தனக்கு அடுப்பும் சோறும் கொடுத்த மக்கள் அவர்கள். அவர்களுடைய வழிபாட்டில் கைவைக்கக் கூடாது என்று வாதாடியவருக்கு, அவர்களுடைய உடம்பை விற்பதில் மனசாட்சி குறுக்கே வரவில்லை. இதற்குச் சமாதானம் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு எதுவும் போதவில்லை.

அடுத்த வாரம் 1948, பாரிஸ். மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவில் சேர்ப்பதா என்று சண்டை. லெபனான் கிறிஸ்தவர் சார்ல்ஸ் மாலிக் ‘சேர்க்க வேண்டும்’ என்கிறார். சவூதி அரேபியா எதிர்க்கிறது. குர்ஆனைக் காட்டி மாலிக்கின் பக்கம் நிற்கிறார் பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான்.

(தொடரும்)