தொடக்கநிலைத் துப்பாக்கிப் பயிற்சி

தொடக்கநிலைத் துப்பாக்கிப் பயிற்சி என்பது, முன்பு துப்பாக்கியைக் கையாளாத ஒருவருக்கு அதனைப் பாதுகாப்பாகப் பிடிக்கவும் சுடவும் கற்பிக்கும் வகுப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகுப்புகள் பரவலாக நடைபெறுகின்றன. குறி தவறாது சுடும் திறன் புதியவருக்கு முன்கூட்டியே தேவையில்லை. பாதுகாப்பு விதிகளை அறிந்து வருதலே முதன்மையான ஆயத்தம்.

இவற்றுள் பெரிதும் அறியப்பட்டவை, 1976 இல் அரிசோனாவில் கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவிய ஜெஃப் கூப்பர் (1920–2006) வகுத்த நான்கு விதிகள். எல்லாத் துப்பாக்கிகளும் எப்போதும் தோட்டா நிரப்பப்பட்டவை எனக் கொள்ள வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் திரும்பக் கூடாது. இலக்கைக் குறிபார்க்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு விதி தவறினாலும் மற்றொன்று காக்கும். தவறுதலாக விசை அழுத்தப்பட்டாலும், குழல்வாய் மண்மேட்டை நோக்கியிருப்பின் குண்டு மண்ணிலேயே புதையும்.

உடையும் கவனத்துக்குரியது. தானாகத் தோட்டா ஏறும் கைத்துப்பாக்கி, சுட்டவுடன் வெற்று உறையை மிகுந்த வெப்பத்துடன் வெளியே எறிகிறது. அது அகன்ற கழுத்துள்ள சட்டைக்குள் விழுந்தால், புதியவர் கையில் துப்பாக்கியுடன் துள்ளித் திரும்பிவிடக் கூடும். தீப்புண்ணை விட அத்திருப்பமே ஆபத்தானது. எனவே கழுத்தை மூடிய சட்டையும் முன்விளிம்புள்ள தொப்பியும் பரிந்துரைக்கப்படுகின்றன. வெடியொலி பெரும்பாலும் 140 டெசிபலைக் கடப்பதால், ஒரே வெடியிலும் செவிப்புலன் நிலையாகக் கெடலாம். காதுக் காப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் இன்றியமையாதவை.

சுடும்போது கைகளில் ஈயத் துகள் படிகிறது. உண்பதற்கு முன் அவற்றைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.