முகமறியா அதிகாரிக்கு முத்திரையிட்ட உறை

ராயப்பேட்டையில் குடியிருந்துகொண்டு சேப்பாக்கத்துப் பொதுப்பணித் துறையிலும் ரிப்பன் மாளிகையிலும் வேலை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர்கள், சில காலம் முன்புவரை, தங்கள் விலைப்பட்டியலை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, குறித்த மணிக்குள் டெண்டர் பெட்டியில் சேர்த்துவிட்டு வருவார்கள். பெட்டி திறக்கப்படும் நாள்வரையில் அந்த அரக்கின் மீதும், அதைக் காவல் காக்கிற மனிதர்களின் மீதும் நம்பிக்கை வைத்துக் காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு உபாயம் இருந்ததில்லை. எதிராளி குறித்திருக்கும் தொகையை முதல் நாளே தெரிந்துகொண்டவன் அதில் ஆயிரம் ரூபாயைக் குறைத்து எழுதினால் வேலை அவனுக்குத்தான் என்பதால், ஆவி காட்டி உறை பிரிக்கும் கலையைப் பற்றிய கதைகளுக்கு அந்த வட்டாரத்தில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. 1998-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் டெண்டர்களின் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது என்றால், அந்தக் கதைகள் அனைத்தும் கற்பனையல்ல என்று ஊகிக்கலாம்.

இன்றைக்கு அந்தப் பட்டியல் கணினியின் வழியே செல்கிறது. மத்திய அரசும் பல மாநில அரசுகளும் கையாளுகிற மின்னணு டெண்டர் முறையை உருவாக்கியது, பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இயங்கும் தேசியத் தகவலியல் மையத்தின் சென்னைப் பிரிவு என்பது நம்மவர்களில் பலர் அறியாத செய்தி. அதன் சூட்சுமம் இதுதான்: விலைப்பட்டியல் ஒப்பந்தக்காரருடைய கணினியை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, அதைத் திறப்பதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரிகள் மட்டுமே படிக்கக்கூடிய சங்கேதமாக மாற்றப்பட்டுவிடுகிறது, ஆகவே நடுவில் அதைச் சேமித்து வைத்திருக்கும் சர்வரின் காவலர்களுக்குக் கூட அது பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தோற்றமளிக்கும்.

முன்பின் சந்தித்திராத ஓர் அதிகாரிக்கு, அவரோடு யாதொரு ரகசியச் சொல்லையும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமல், எவ்வாறு பூட்டி அனுப்புவது என்ற கேள்விக்கு 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் ஒரு வழியைக் காட்டினார்கள். மறு ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் என்ற மூவர் அதற்குக் கணித உருவம் கொடுத்தார்கள். அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் திண்டுக்கல் பூட்டு ஒன்றை ஒருவர் ஊரெங்கும் திறந்தபடியே விநியோகித்துவிட்டு, சாவியை மட்டும் தம் மடியில் வைத்துக்கொள்வதைப் போன்றது அந்த ஏற்பாடு. பூட்டுக்குப் பொதுச் சாவி என்றும், மடியில் இருப்பதற்கு அந்தரங்கச் சாவி என்றும் பெயர்.

ஆனால் கையில் கிடைத்த பூட்டு அந்த அதிகாரியுடையதுதானா, அவர் பெயரால் வேறு எவனோ விநியோகித்ததா என்பதைக் கணிதம் சொல்லாது. அதற்கு, இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது என்று மூன்றாமவர் ஒருவர் சாட்சி சொல்லிக் கையெழுத்திட்ட பத்திரம், அதாவது சர்ட்டிபிகேட், வேண்டும். அந்த யோசனையை 1978-இல் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தம் இளநிலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் எழுதினார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தச் சாட்சிகளுக்கு லைசென்ஸ் வழங்க ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியை நியமிக்க வகைசெய்தது. 2002 பிப்ரவரியில் முதல் லைசென்ஸைப் பெற்றது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவேயின் ‘சேஃப்ஸ்கிரிப்ட்’. இன்று ஆடிட்டர் அலுவலகங்களில் ‘டி.எஸ்.சி.’ என்று சுருக்கமாகச் சொல்லி, யு.எஸ்.பி. டோக்கன் ஒன்றில் போட்டுத் தருகிறார்களே, அது இந்தப் பத்திரமும் அதற்குரிய அந்தரங்கச் சாவியும்தான். கையெழுத்திடுவதற்கு ஒன்றும், பூட்டுவதற்கு ஒன்றுமாக இரண்டு வெவ்வேறு சர்ட்டிபிகேட்டுகள் வழங்கப்படுவதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

இதையெல்லாம் நிரல் எழுதுகிறவர் தாமே கணக்கிட்டுச் செய்வதில்லை. ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’, ‘பவுன்ஸி காசில்’ என்ற பெயர்களில் நிபுணர்கள் எழுதி வைத்திருக்கும் நிரல் நூலகங்களை, அதாவது லைப்ரரிகளை, எடுத்துக் கையாளுகிறார். செய்தியையும் பெறுநரின் சர்ட்டிபிகேட்டையும் கொடுத்தால், பத்துப் பன்னிரண்டு வரிகளில் பூட்டிய உறை கிடைத்துவிடும். உள்ளே நடப்பது சற்று விநோதமானது. 2048 பிட் நீளமுள்ள, தசம எண்ணாக எழுதினால் 617 இலக்கம் வரும் அந்தப் பொதுச் சாவியைக் கொண்டு, வழக்கமான முறையில் ஒரே தடவையில் 245 பைட்டுகளுக்கு மேல் பூட்ட முடியாது; கணினியில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட்டும், கொம்போ காலோ சேர்ந்தால் ஆறும் செலவாகும் ஆகையால், ஒரு தபால் கார்டின் கால் பாகம்கூட அதில் அடங்காது. எனவே நூலகமானது அந்த ஒரு செய்திக்கென்றே ஒரு தற்காலிகச் சாவியைத் தற்செயலாக, அதாவது எவரும் ஊகிக்க முடியாதபடி, உண்டாக்கி, செய்தி முழுவதையும் அதனால் வேகமாகப் பூட்டிவிட்டு, அந்தச் சிறு சாவியை மட்டும் பெறுநரின் பொதுச் சாவியால் பூட்டி உறையின் தலைப்பில் இணைக்கிறது. பெறுநர் நால்வரானால் பட்டியல் நான்கு முறை பூட்டப்படுவதில்லை; சிறு சாவிதான் நான்கு பிரதிகளாகப் பூட்டப்படுகிறது.

தற்செயலாக என்ற அந்த ஒரு சொல்லில்தான் பல கோட்டைகள் சரிந்திருக்கின்றன. டெபியன் என்ற இயங்குதளத்தைப் பராமரித்தவர்கள், சோதனைக் கருவி ஒன்று குறை சொன்னதன் பேரில், 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் அந்தத் தற்செயலை ஊட்டிய ஓரிரு வரிகளை நீக்கிவிட்டார்கள். அதன் விளைவாக, எண்ணிக்கைக்கு அடங்காதிருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய முப்பத்திரண்டாயிரமாகச் சுருங்கிப்போய், 2008 மே மாதம் வரையில் எவருக்கும் தெரியாமல் புழங்கிக்கொண்டிருந்தன. சங்கேதம் பார்வைக்கு எப்போதும்போலவே குழப்பமாக இருந்ததால் சந்தேகிக்க யாருக்கும் முகாந்திரம் இல்லை.

நூலகம் செய்யாமல் விடுகிற காரியங்களும் உண்டு. என் அபிப்பிராயத்தில் நிரலர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சர்ட்டிபிகேட் காலாவதியாகிவிட்டதா, டோக்கன் தொலைந்ததென்று ரத்து செய்யப்பட்டதா, அதில் சாட்சிக் கையெழுத்திட்டவர் லைசென்ஸ் பெற்றவர்தானா என்பவற்றைத் தனியே விசாரிக்கும்படி கட்டளையிட்டாலொழிய, பூட்டும் கட்டளை கொடுத்த சர்ட்டிபிகேட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு அழகாகப் பூட்டித் தந்துவிடும். போலிப் பெயருக்குப் பழுதறப் பூட்டிய உறை, பூட்டாத உறையினும் அபாயமானது. ஏனெனில் அனுப்பியவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார். அன்றியும், பொதுச் சாவி எல்லோர் கையிலும் இருப்பதால் யார் வேண்டுமானாலும் அதிகாரிக்குப் பூட்டி அனுப்பலாம். அனுப்பியவர் யார் என்பதற்கு உறை சாட்சியல்ல. அதனால்தான் ஒப்பந்தக்காரர் தம் டோக்கனில் உள்ள அந்தரங்கச் சாவியால் கையெழுத்தும் இடவேண்டியிருக்கிறது.

திறக்கும் பக்கத்திலும் சிக்கல் உண்டு. மேற்சொன்ன சாதாரண உறையை, தலைப்பில் பெயருள்ள நால்வரில் எவரும் தனியாகவே திறந்துவிடலாம். டெண்டருக்கு அது உதவாது. ஒருவர் மட்டும் நள்ளிரவில் எட்டிப் பார்க்க இயலாமலும், ஒருவர் மாற்றலாகிப் போனால் வேலை நின்றுவிடாமலும் இருக்கவேண்டி, நால்வரை நியமித்து அவர்களில் எவரேனும் இருவர் கூடினால் திறக்கும் என்ற ஏற்பாட்டை மின்னணு டெண்டர் முறையில் வைத்திருக்கிறார்கள். நூலகம் தருகிற உறைக்கு மேலே நிரலர் தாமே கட்டவேண்டிய பகுதி இது.

இரண்டு சர்ட்டிபிகேட்டுகளின் காரணமும் இங்கேதான் விளங்குகிறது. கையெழுத்துச் சாவி தொலைந்தால் நஷ்டமில்லை. பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்கலாம், முன்பு இட்ட கையெழுத்துகளைச் சரிபார்க்கப் பொதுச் சாவியே போதும். அதற்கு நகல் எடுத்து வைப்பதுதான் தவறு, நகல் வைத்திருப்பவன் உங்கள் பெயரில் கையெழுத்திடுவான். பூட்டைத் திறக்கும் சாவியோ தொலைந்தால், புதிது எத்தனை வாங்கினாலும் பழைய உறைகள் திறவா. ஆகவே சர்ட்டிபிகேட்டின் காலக்கெடு முடிந்துவிட்டதென்று பூட்டைத் திறக்கும் டோக்கனை அழித்துவிடக் கூடாது; காலாவதியாவது பத்திரம்தானே ஒழிய, உள்ளே இருக்கும் சாவியன்று, தணிக்கையாளர் நான்காண்டு கழித்துப் பழைய டெண்டரைக் கேட்டு வரும்போது அது வேண்டியிருக்கும்.